ஏரிக்கு இல்லாத கூடு

பழவேற்காடு ஏரிக்குப் பூநாரை பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “கூடு எங்கே சார்?” பூநாரை இங்கே இரை தேடத்தான் வரும், கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் உப்பு நிலத்தில். இதை 33 வயதுவரை பெரிய ஞானி மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். ஏரிக்கு இல்லாத கூடு எனக்கு இருப்பது பிறகுதான் தெரிந்தது.

வால் எலும்புக்குப் பக்கத்தில் பட்டாணி அளவு வீக்கம். சூட்டுக் கட்டி என்று மனைவி விளக்கெண்ணெய் வைத்தாள். மூன்றாம் நாள் சீழ். டாக்டர் பார்த்துவிட்டு, “பைலோனிடல் சைனஸ்” என்றார். லத்தீனில் முடிக்கூடு, 1880-இல் ஹாட்ஜஸ் என்ற அமெரிக்க டாக்டர் வைத்த பெயராம்.

காரணங்களை விரல்விட்டு எண்ணினார். பிட்டத்தின் நடுப்பள்ளம் ஆழம். பருமன் அதை இன்னும் ஆழமாக்கும்: அம்மா ஊட்டிய சோறு. அடர்ந்த முரட்டு முடி: அப்பா சொத்து, தம்பிக்குப் படகும் வலையும், எனக்கு இது. வேர்வை, நாள் முழுக்க உட்காரும் வேலை: இறால் ஏலக் கூடத்தில் கணக்கு எழுதுகிறேன். உதிர்ந்த முடி பள்ளத்தில் சேரும். அசைய அசைய வேர்முனை தோலுக்குள் இறங்கும். முடியில் நுண்ணிய செதில் உண்டு. தூண்டில் முள்ளில் பின்னோக்கி நிற்குமே ஒரு குட்டி முள், அதுபோல, போனது திரும்பாது. மீனவன் மகனுக்கு வேறெப்படிப் புரியவைப்பது!

“வழக்கமா 15-லேருந்து 30 வயசுக்குள்ள வரும். உங்களுக்கு லேட்.”

“கல்யாணமும் லேட்டுதான் டாக்டர்.”

இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 80,000 அமெரிக்கச் சிப்பாய்கள் இதற்காக ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். ஜீப்பில் குலுங்கியதால் என்று நினைத்து ‘ஜீப் நோய்’ என்றே பெயர் வைத்தார்கள். வீட்டில் இதைக் கம்பீரமாகச் சொன்னேன்.

“அவங்க சண்டைக்குப் போனாங்க. நீங்க ஸ்டூலுக்குப் போனீங்க.”

அந்த வாரம் பாடு பிரிக்கிற கூட்டம். யார், என்றைக்கு, எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைப்பார்கள். தம்பி சார்பில் போனேன். எல்லோரும் சம்மணம், நான் மட்டும் தூணைப் பிடித்து நின்றேன்.

பெரியவர் நிமிர்ந்தார். “என்னப்பா நிக்கிற? ஆட்சேபணையா?”

ஊரே திரும்பிப் பார்த்தது.

“இல்லீங்க பெரியப்பா. பாட்டை நீங்க பிரிச்சுக்குங்க. நான் படுற பாட்டுல பங்கு கேட்க யாரும் வரமாட்டாங்க.”