இருபது நொடி மொய்

விழுப்புரத்து மாமனார் திண்டிவனத்து மாப்பிள்ளையின் வேறு கம்பெனி சிம்முக்குப் போன் போட்டால், இவர் கம்பெனி அவர் கம்பெனிக்கு நிமிடத்துக்கு 6 பைசா மொய் எழுத வேண்டியிருந்தது. 2017 அக்டோபரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்த கணக்கு. அதற்கு முன் 14 பைசா.

எல்லாக் காலும் இணையவழியே போகும் ஜியோவுக்கு இந்த மொய் எழுதுவது வயிற்றெரிச்சல். 2019இல் ஜியோவிலிருந்து போகும் காலுக்கு மணியடிக்கும் நேரம் 20 நொடியாகச் சுருங்கியது. மாப்பிள்ளை லுங்கியை இறுக்கிக்கொண்டு கொல்லையிலிருந்து வருவதற்குள் மிஸ்டு கால்! அவரே திருப்பிக் கூப்பிடுவார். மொய் திசை மாறும். புகார் சொன்ன ஏர்டெல்லும் 25க்கு இறங்கியது. நாம் மிஸ்டு கால் கொடுத்தால் கஞ்சத்தனம், கம்பெனி கொடுத்தால் வியூகம்.

டிராய் 30 நொடி என்று பஞ்சாயத்தை முடித்தது. 2021 ஜனவரி 1 முதல் மொபைலுக்கு மொபைல் மொய்யே கிடையாது.