விசிலுக்கும் ஒரு முத்திரை

சட்டமுறை எடையளவுத் துறை அதிகாரி அவர்கள் சமூகத்துக்கு, ஜேடர்பாளையத்திலிருந்து ஒரு விண்ணப்பம்.

பக்கத்துப் பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தையில் வெல்லச் சிப்பம் 30 கிலோ நிற்கிறதா என்று பார்க்கும் எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷம் ஒருமுறை தங்கள் முத்திரை விழ வேண்டும். நல்லது. அதே வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இன்னொரு எடை, குக்கர் தலையில் உட்கார்ந்து, வாங்கிய நாளிலிருந்து முத்திரையே இல்லாமல் நாட்டாமை செய்கிறது. பெயரே ‘வெயிட்’, அது தரும் அளவு ‘விசில்’. சோற்றுக்கு மூன்று, பருப்புக்கு நாலு, ஆட்டுக்கறிக்கு ஆறேழு. கிலோவை ஏற்ற அரசு இதை மட்டும் ஏன் தள்ளி வைத்திருக்கிறது?

காரணம் இல்லாமலில்லை. உள்ளே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ கூடினால் வெயிட் எழும்பும். அப்போது தண்ணீரின் சூடு ஏறக்குறைய 120 டிகிரி. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். எவ்வளவு நேரம் வெந்தது என்பது தெரியாது. அடுப்பை முழுக்கத் திருகினால் மூன்று விசிலும் சடசடவென்று வந்துவிடும், சிம்மில் வைத்தால் மூன்றாவதுக்குத் தவம் கிடக்க வேண்டும். சூடு என்னவோ இரண்டிலும் ஒன்றே. மிச்சச் சத்தமெல்லாம் வீணாய் எரிந்த கேஸ். கேஸ்கட் விறைத்த குக்கரோ இன்னும் விசேஷம்: ஆவி விளிம்பில் உஸ்ஸென்று கசியும், வெயிட் அசையாது, முதல் விசிலுக்குக் காத்திருக்கையிலேயே பருப்பு அடிபிடிக்கும். பருப்பு நுரை வெயிட் குழாயை அடைத்தாலும் விசில் வராது. மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை தெரிகிறதா என்று பார்க்க யாருக்குப் பொழுதிருக்கிறது? சேஃப்டி வால்வின் உலோகம் உருகும்வரை சமையலறை பரம அமைதி. 17-ஆம் நூற்றாண்டில் டெனி பாப்பின், குக்கருக்கு மூதாதையான தன் ஆவிக்கலத்தில் எடைவால்வைச் சேர்த்தது கலம் வெடிக்காமலிருக்க. வேக்காட்டை எண்ண அல்ல.

‘இத்தனை காலம் எண்ணித்தானே சமைத்தோம், என்ன கெட்டுப்போச்சு?’ என்பார்கள். கெடவில்லைதான். துவரம்பருப்பு குழைந்தாலும் கோபிக்காது, எப்படியும் கடையத்தான் போகிறோம். பிரியாணி அரிசியிடம் கேட்டால் வேறு பதில் வரும். ‘கொல்லையில் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போதும் விசில் காதில் விழுமே’ என்பது நியாயமான வாதம். விழட்டும். முதல் விசிலுக்கு ஓடிவந்து அடுப்பைத் தணித்து, பிறகு நிமிஷத்தை எண்ணினால் போதும். ஆலையில் வெல்லம் காய்ச்சுகிறவர்கள்கூடக் கொப்பரைச் சத்தத்தை நம்பாமல் பாகைத் தண்ணீரில் விட்டுத்தான் பதம் பார்க்கிறார்கள்.

ஆகவே, ஒன்று, விசிலைத் தேசிய அளவையாக அறிவித்து ஒவ்வொரு வெயிட்டுக்கும் முத்திரை குத்த வேண்டும். முகாமுக்கு மொத்த ஊரும் குக்கரோடு வரும். அல்லது சமையல் குறிப்புகளில் விசில் எண்ணிக்கையைத் தடை செய்து நிமிஷத்தை எழுதச் சொல்ல வேண்டும்.

இணைப்பு: விறைத்த கேஸ்கட் ஒன்று.