501ஆவது யூனிட் யாருடையது? ஓர் ஆய்வு

வாடகை வீட்டில் கரண்ட் காசு யார் கட்டுவது என்ற வினாவைத் தமிழறிஞர் உலகம் இதுவரை கண்டுகொண்டதில்லை. சோழர் கால நிலவரிக்கு வரிக்கு வரி உரை எழுதுவோரும், தாம் குடியிருக்கும் மாடிப் போர்ஷனின் சப் மீட்டரை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

முதலில் வகைப்பாடு. வீட்டு வரி: உரிமையாளர். கேன் தண்ணீர்: குடியிருப்பவர். இவற்றில் சண்டையில்லை, ஆகவே ஆய்வுமில்லை.

அடுத்தது சுவர். 2019 பிப்ரவரி 22 அன்று தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை, வயரிங் பழுதை உரிமையாளர் தலையிலும் சுவிட்ச் பழுதைக் குடியிருப்பவர் தலையிலும் வைக்கிறது. சுவிட்சுக்குப் பின்னால் கருகிய அரை அங்குல வயர் எக்கட்சி என்பதற்கு உரையாசிரியர் எவரும் இன்னும் கிடைக்கவில்லை.

இனி தலையாய சிக்கல். மெயின் மீட்டர் ஒன்று, கீழே உரிமையாளர், மேலே குடித்தனம். 2022 செப்டம்பரில் வந்த கட்டண விகிதப்படி, அன்று இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958. முதல் நூறு யூனிட் இரண்டிலும் இலவசம்தான். ஆனால் 500ஐத் தாண்டிய நொடியில், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாயாக இருந்தது 4.50 ஆகிவிட்டது. ஆக, அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். அதை எரித்தது யார்?

கிரைண்டர் மரபினர் மாடியைக் கைகாட்டுவர்: ஞாயிறு காலை இட்லி மாவு அரைத்தபோதுதான் தாண்டியது (சான்று: கீழ்வீட்டுக் காலண்டர், ஏப்ரல் தாள், பின்பக்கம், பால் கணக்குக்குக் கீழே, பென்சிலில்). ஏசி மரபினர் இதை மறுப்பர் (மேல்வீட்டு வாட்ஸ்ஆப் குரல்பதிவு, இரவு 10.40, பின்னணியில் மனைவி கூறும் திருத்தத்துடன்). மூன்றாவது பாடம் கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில் உள்ளது. ரசம் கொட்டி அழிந்த இலக்கத்தை ஒரு பதிப்பாசிரியர் 1 என்றார், மற்றவர் 7 என்றார்; அன்றிலிருந்து இருவரும் ஒரே கருத்தரங்க மேடையில் ஏறுவதில்லை. மூலச் சுவடியான மீட்டரை இருவருமே பார்த்ததில்லை. துறையின் மரபு அது.

மொட்டைமாடித் தொட்டிக்கு ஓடும் மோட்டார் யார் கணக்கு என்பது தனி நூலுக்குரிய பொருள். நிதியுதவி கிடைத்தால் எழுதப்படும்.

இலவச நூறு யூனிட்டின் வரலாறு சுருக்கமானது. 2016 மே மாதம் அரசு அறிவித்த அந்தச் சலுகை மின் இணைப்புக்கு உரியது. மாடியில் முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய் என்று வசூலிக்கும் வீடுகளில் அது இன்றுவரை படியேறவில்லை.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் வாசகர்கள் யூனிட் விலை, மோட்டார் பங்கு, இலவச நூறு ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கவும். பால் காய்ச்சும் அன்றே சப் மீட்டர் எண்ணைப் படமெடுத்து உரிமையாளருக்கும் அனுப்பிவிடவும்.