37 குதிரையும் ஒரு பெரியப்பாவும்

மாருதி 800-ஐ ரேஸ் காராக மாற்றிவிடலாம் என்று நம்புகிற ஜீவன்கள் இன்னும் இருக்கின்றன. என் மனைவியின் தம்பி அதில் ஒருவர். 1983 டிசம்பரில் முதல் வண்டி சாலைக்கு வந்தது. 2014 ஜனவரியில் தயாரிப்பே நின்றது. கம்பெனி கைவிட்டாலும் மாப்பிள்ளை கைவிடுவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை காபி குடித்த கையோடு ஸ்பேனர் செட்டுடன் எங்கள் கார்புரேட்டர் காலத்து 800-க்கு அடியில் புகுந்துவிடுவார்.

முதலில் அழகு சிகிச்சை. துரு தின்ற இடத்தில் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, ஸ்ப்ரே டப்பாவால் வெள்ளை அடித்தார். வண்டியின் சொந்த வெள்ளை வெயிலில் கிடந்து எப்போதோ பழுப்பேறியிருந்தது. விளைவு, கதவெல்லாம் தேமல்.

"மாமா, இதுக்குப் பேரு டூயல் டோன்" என்றார்.

அடுத்து கறுப்பு ஃபிலிம் ஒட்ட ஆசைப்பட்டார். உச்ச நீதிமன்றம் 2012-லேயே அதற்குத் தடை போட்டுவிட்டது. போடாவிட்டாலும் எங்களுக்குப் பயனில்லை. ஏசி இல்லாத வண்டி; கண்ணாடியை இறக்கினால்தான் உயிர் தங்கும். கதவுக்குள் போய்விட்ட கண்ணாடிக்கு ஃபிலிம் எதற்கு?

ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடையிலிருந்து ஸ்பாய்லர் வந்தது. வேகமாகப் போகும்போது காற்று அதை அழுத்த, பின்சக்கரங்கள் ரோட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுமாம். 800-இல் இன்ஜின் சுழற்றுவது முன்சக்கரங்களை. பின்சக்கரங்கள் சும்மா கூட உருண்டு வருபவை. அவற்றை ஏன் அழுத்த வேண்டும் என்றேன்.

"பார்க்க நல்லா இருக்குல்ல?"

இருந்தது. ஈரத் துண்டு காயப்போடவும் தோதாக இருந்தது.

பிறகு சைலன்சர் மாறியது. சத்தம் கேட்டு ஒதுங்கி வழிவிட்டவர்கள், வண்டி வந்து சேர்வதற்குள் சலித்துப்போய் மறுபடி நடுரோட்டுக்கே வந்துவிட்டார்கள். போக்குவரத்துக் காவலர் ஒருவர் மட்டும் பொறுமையாகக் காத்திருந்தார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவைப் பற்றி அவர் நிதானமாக எடுத்துச் சொன்ன அன்றே பழைய சைலன்சர் தன் இடத்துக்குத் திரும்பியது.

12 அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு அகலமான, சுற்றளவு கூடிய அலாய் வீல் போட்டதுதான் உச்சம். பவர் ஸ்டியரிங் கிடையாது. ஒருமுறை ரிவர்ஸ் எடுத்தால் தோள்பட்டைக்குத் தைலம் தேவைப்பட்டது. பெரிய சக்கரத்தைச் சுழற்ற இன்ஜின் திணறியதில் பிக்கப்பும் போயிற்று. ஆனால் ஒரு நன்மை உண்டு. ஸ்பீடோமீட்டர் எண்ணுவது சுற்றுகளைத்தான். சக்கரம் பெரிதானால் ஒவ்வொரு சுற்றிலும் வண்டி கூடுதல் தூரம் போகும். முள் 60 காட்டினால் நிஜ வேகம் அதைவிடக் கொஞ்சம் அதிகம். அத்தனை வேலையிலும் வேகம் கூடிய ஒரே இடம் இது. அதுவும் மீட்டருக்குத் தெரியாமல்!

கடைசியில் மாப்பிள்ளை காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார். 796 சிசி, மூன்று சிலிண்டர், 37 குதிரைத்திறன். வண்டியின் எடை சுமார் 650 கிலோ. குடும்பம் ஏறினால் இன்னொரு 350. மொத்தம் 1,000 கிலோ.

"பெரியப்பா என்ன வெயிட் மாமா?"

"தொண்ணூறு இருப்பார்."

பெருக்கினார், வகுத்தார். பெரியப்பாவை இறக்கிவிட்டால் இன்ஜினுக்கு மூன்றரைக் குதிரை கூடின மாதிரியாம். ஸ்பாய்லராலும் சைலன்சராலும் ஆகாதது. செலவு, ஒரு பஸ் டிக்கெட்.

திண்ணையிலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது: "மூணு குதிரைக்கு நான் சமம்னா, பெட்ரோலுக்குப் பதிலா எனக்குக் கொள்ளு போடுங்கடா."

தெருமுனை மெக்கானிக் வந்து பார்த்தார். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார், மூன்று ஸ்பார்க் பிளக்கையும் மாற்றினார், பழைய சக்கரங்களை மாட்டிச் சரியாகக் காற்றடித்தார். பெரியப்பா உள்ளே இருந்தும் வண்டி மேம்பாலத்தில் இரண்டாம் கியருக்கு இறங்காமல் ஏறியது. மாப்பிள்ளைக்குத்தான் முகம் விழுந்துவிட்டது. பானெட்டைத் திறந்து காட்டினாலொழிய யாருக்கும் தெரியாத முன்னேற்றத்தால் ஒரு இளைஞனுக்கு என்ன பெருமை?

மறுநாள் காரின் முதுகில் கொட்டை எழுத்தில் ஒரு ஸ்டிக்கர்: 'டர்போ'.

"இதுவும் வெயிட்தானே?" என்று கேட்டேன்.

"அஞ்சு கிராம் வரும் மாமா. பெரியப்பாவை நாளைக்கு ஒரு இட்லி குறைச்சுக்கச் சொல்லுங்க."