சார், அடிஷனல் ஷீட்!

சேனைக்கிழங்கு நறுக்கியவனுக்குத்தான் அவசரம் என்றால் என்னவென்று தெரியும். விரலிடுக்கில் ஆரம்பித்து மணிக்கட்டு வரை நமநமவென்று அரிக்கிறது. சொறிந்தால் பரவுகிறது, சொறியாமல் இருக்க முடியவில்லை. சமையலறையில் கேட்டால் மருந்து கிடைக்கும், கூடவே அறிவுரையும் கிடைக்கும். ஆகவே சுண்டு விரலால் போனைத் திறந்து, 'சேனைக்கிழங்கு கை அரிப்பு' என்று ஒவ்வொரு எழுத்தாகக் குத்தித் தேடினேன்.

முதலில் வந்தது 'சேனைக்கிழங்கு அரிப்பு நீங்க 10 எளிய வழிகள்: முழுமையான வழிகாட்டி'. திறந்தேன். "இன்றைய வேகமான உலகில் சேனைக்கிழங்கு நம் அன்றாட வாழ்வின் தவிர்க்க முடியாத அங்கமாகத் திகழ்கிறது" என்று ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் அமாவாசைக்கு அமாவாசை எட்டிப் பார்க்கிற கிழங்கு அது. சரி, போகட்டும். அடுத்த உட்தலைப்பு: 'சேனைக்கிழங்கு என்றால் என்ன?' அடேய், அதைத் தொட்டுவிட்டுத்தானே வந்திருக்கிறேன்! அதற்குக் கீழே சேனைக்கிழங்கின் வரலாறு. அதற்கும் கீழே சேனைக்கிழங்கின் ஊட்டச்சத்துகள். நடுவில் கடன் தருகிற செயலி ஒன்றின் விளம்பரம். 'சேனைக்கிழங்கு ஏன் அரிக்கிறது?' என்று ஒரு தலைப்பு வந்தபோது கொஞ்சம் நம்பிக்கை பிறந்தது. "இதற்குப் பல்வேறு காரணிகள் காரணமாக அமையலாம்" என்றது. பல்வேறு எல்லாம் இல்லை. கிழங்கில் இருக்கிற கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியான படிகங்களாகத் தோலில் குத்துகிறது, அவ்வளவுதான்.

ஒருவழியாகப் பத்து வழிகளும் வந்தன. முதல் வழி, பதற்றப்படாமல் இருப்பது. நான்காவது, போதுமான அளவு தண்ணீர் குடிப்பது. ஏழாவது, நேர்மறையான மனநிலை. பத்தாவது, மருத்துவரை அணுகுவது. இதற்குள் நான் சுவரில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுச் சமையலறையிலிருந்து குரல் வந்தது: "புளியைக் கரைச்சுத் தேய்ங்க." மூன்றே சொல். அந்த 'முழுமையான வழிகாட்டி'யில் புளி என்ற சொல் கடைசி வரை வரவேயில்லை.

அதை யார் எழுதியது, எதைக் கொண்டு எழுதியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "1500 சொற்களில், எஸ்இஓ-வுக்கு ஏற்ற மாதிரி, மனிதர் எழுதியது போல ஒரு கட்டுரை கொடு" என்று நீங்களும் தட்டியிருப்பீர்கள். கடைசியில் 'ப்ளீஸ்' போட்டீர்களா இல்லையா என்பதில்தான் நமக்குள் வித்தியாசம். நான் போடுவேன்.

இப்படிப்பட்ட கட்டுரைகளில் சிக்காமல் விடையைக் கண்டுபிடிக்க என்னிடம் மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் சோதித்துப் பார்த்தவை. சொல்கிறேன். அதற்கு முன்னால் பத்தாம் வகுப்பு தமிழ் இரண்டாம் தாளைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

பொதுக்கட்டுரை நினைவிருக்கிறதா? சுற்றுப்புறத் தூய்மை, அறிவியலின் ஆக்கங்கள், நூலகத்தின் பயன் என்று எது வந்தாலும் முன்னுரை ஒன்றேதான். மனிதன் கற்காலத்திலிருந்து கிளம்பி, நான்காவது வரியில் தலைப்புக்கு வந்து சேர்ந்துவிடுவான். பிறகு உட்தலைப்புகள். உட்தலைப்புக்குக் கறுப்புப் பேனா, உள்ளே இருப்பதற்கு நீலப் பேனா. முக்கியமான சொல்லுக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு. பத்திக்குப் பத்தி ஒரு வரி இடைவெளி. முடிவுரையில் நாம் அனைவரும் ஏதோ ஒன்றைப் போற்றிப் பாதுகாப்போம். "திருத்துறவர் படிக்க மாட்டார்டா, பார்ப்பார்" என்பார் எங்கள் தமிழய்யா.

அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் இன்று எஸ்இஓ, அதாவது தேடுபொறிக்கு ஏற்ப எழுதுவது, என்று பெயர் வைத்துப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள். கறுப்புப் பேனா ஹெச்2 என்கிற உட்தலைப்புக் குறி ஆகிவிட்டது. ஸ்கேல் கோடு போல்டு ஆகிவிட்டது. சாவிச்சொல் தலைப்பில் இருக்கிறதா, முதல் பத்தியில் இருக்கிறதா, உட்தலைப்பில் இருக்கிறதா, படத்துக்குப் பின்னால் ஒளித்து வைக்கிற வாசகத்திலாவது இருக்கிறதா என்று பார்த்து, யோஸ்ட் என்கிற செருகுநிரல் ஓரத்தில் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று புள்ளி வைக்கிறது. எல்லாம் பச்சையானால் முழு மதிப்பெண். எழுதியதில் விஷயம் இருக்கிறதா என்பதற்கு அதில் புள்ளி கிடையாது.

இந்த ஒப்பீட்டை இங்கேயே நிறுத்தினால் மரியாதை. ஆனால் அடிஷனல் ஷீட்டை விட்டுவிட்டு எப்படி நிறுத்துவது?

பரீட்சை அறையில் முதல் ஆளாக ஒருவன் எழுந்து, "சார், அடிஷனல் ஷீட்!" என்பான். அந்தக் குரலில் மற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அவன் என்ன எழுதினான் என்று யாருக்கும் கவலையில்லை. எத்தனை ஷீட் வாங்கினான், கட்டுவதற்கு நூல் போதுமா என்பதுதான் பேச்சு. பக்கம் நிரம்ப வேண்டும் என்று நான்கு விரல் மார்ஜின் விட்டு, வரிக்கு நான்கு சொல் எழுதியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவன் இப்போது இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறான். "பக்கத்துக்கு மதிப்பெண் இல்லை" என்று ஒவ்வொரு வருஷமும் சொன்னார்கள்; ஒருவரும் நம்பவில்லை. கூகுளும் இதையே சொல்கிறது. எழுதுகிறவர்களுக்கான அதன் அறிவுரைப் பக்கத்தில், 'எங்களுக்குப் பிடித்த சொல் எண்ணிக்கை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு அதற்காக எழுதுகிறீர்களா?' என்று ஒரு கேள்வியைப் போட்டு, பக்கத்திலேயே 'அப்படி ஒன்றும் இல்லை' என்று பதிலும் போட்டிருக்கிறது. இருந்தும் எனக்கு ஆர்டர் வருவது 1500 சொல்லுக்குத்தான்.

இன்னும் இருக்கிறது. கட்டுரையின் நடுப்பக்கத்தில் சினிமா பாட்டை முழுசாக எழுதி வைத்து மதிப்பெண் வாங்கிய அண்ணன் ஒருவர் எல்லா ஊரிலும் உண்டு. அவரை நேரில் பார்த்தவர்தான் கிடையாது. அந்த அண்ணன் வளர்ந்து இணையதளம் ஆரம்பித்து, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் சாவிச்சொற்களை வரிசையாக எழுதி வைத்தார். மனிதர் கண்ணுக்குத் தெரியாது, தேடுபொறிக்குத் தெரியும். பக்கத்தின் தலைமாட்டில் சாவிச்சொற்களுக்கென்றே ஒரு மெட்டா குறிச்சொல் இருந்தது. விற்பது ஊறுகாயாக இருந்தாலும் அதில் நடிகை பெயரைப் போட்டார். அந்தக் குறிச்சொல்லைத் தரவரிசைக்குப் பார்ப்பதேயில்லை என்று கூகுள் 2009இல் பகிரங்கமாகவே சொல்லிவிட்டது. 2011 பிப்ரவரியில் பாண்டா என்று செல்லப்பெயர் வைத்த மாற்றம் வந்தபோது, மலிவாகக் கட்டுரை அடித்துத் தள்ளிய பட்டறைகள் பல சரிந்தன. திருத்துகிறவர் கண்ணாடி மாற்றிய வருஷம் அது.

தென்னைமரக் கதை தெரியும்தானே? தென்னை மரத்தைப் பற்றி மட்டும் படித்துவிட்டுப் போனவனுக்குப் பசுவைப் பற்றிக் கேள்வி வந்தது. "பசுவைத் தென்னை மரத்தில் கட்டுவார்கள். தென்னை மரம் உயரமாக வளரும்" என்று ஆரம்பித்துவிட்டான். சேனைக்கிழங்குக் கட்டுரையின் கடைசியில் 'சேனைக்கிழங்கு நறுக்கச் சிறந்த 5 கத்திகள்' என்று ஒரு பட்டியலும் இருந்தது. அதுதான் தென்னை மரம். கமிஷன் அதில்தான் இருக்கிறது. கிழங்கு, அதில் கட்டி வைத்த பசு.

இத்தனைக்கும் நடுவில் ஒரு மாணவனுக்குக் கோனார் உரை என்கிற ஆதாரம் இருந்தது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்தபோது எல்லோரும் அறிவுப் புரட்சி, யுகப் புரட்சி என்றார்கள். எனக்கு, உலகத்தில் உள்ள எல்லாப் பாடத்துக்கும் ஒரே நாளில் கோனார் உரை வந்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரே ஒரு வித்தியாசம்: கோனாரை நம்பி எழுதினால் மதிப்பெண் வந்தது. சிநெட் என்கிற அமெரிக்கத் தொழில்நுட்பத் தளம் இயந்திரத்தை வைத்து 77 கட்டுரைகளை எழுதி வெளியிட்டது. 2023 ஜனவரியில் விஷயம் வெளியே வந்து சரிபார்த்தபோது 41 கட்டுரைகளுக்குத் திருத்தம் போட வேண்டியதாயிற்று. 10,000 டாலரை 3 சதவீத வட்டிக்குப் போட்டால் ஒரு வருஷத்தில் 10,300 டாலர் சம்பாதிப்பீர்கள் என்று அதில் ஒரு கட்டுரை சொன்னது. அப்படி ஒரு வங்கி இருந்தால் நான் ஏன் கட்டுரை எழுதுகிறேன்?

அதே வருஷம் ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் தளத்தில் கனடாவின் ஒட்டாவா நகரத்துக்கு ஒரு சுற்றுலா வழிகாட்டி வந்தது. பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்றாக, இல்லாதவர்களுக்கு உணவு தருகிற உணவு வங்கியைச் சேர்த்து, வெறும் வயிற்றோடு போவது நல்லது என்றும் யோசனை சொன்னது. அல்காரிதமும் மனிதரும் சேர்ந்து செய்த வேலை அது என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. அந்த மனிதர் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார் போலிருக்கிறது.

சாட்ஜிபிடி வந்த சில வாரங்களுக்குள், 2022 டிசம்பரில், தேடல் முடிவுகளின் தரம் பார்ப்பவர்களுக்கான விதிகளில் 'அனுபவம்' என்பதையும் சேர்த்துக்கொண்டது கூகுள். எழுதியவருக்கு விஷயத்தில் நேரடி அனுபவம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். நல்ல விஷயம்தான். உடனே கை என்று ஒன்று இல்லாத பொருள், "என் கை அரித்தபோது என் பாட்டி சொன்ன ரகசியம்" என்று எழுதத் தொடங்கிவிட்டது. என் பாட்டி என்னிடம் எந்த ரகசியமும் சொன்னதில்லை. எனக்கே பொறாமையாக இருக்கிறது.

இதில் உச்சம் எது தெரியுமா? 2024 மே மாதம் அமெரிக்காவில் கூகுளே தேடலின் உச்சியில் ஏஐ சுருக்கம் போட ஆரம்பித்தது. சீஸ் வழுக்காமல் இருக்க பீட்சா சாஸில் கொஞ்சம் பசை சேர்க்கச் சொன்னது அதுதான். ஆக, மூன்று சொல்லில் முடிகிற விஷயத்தை ஓர் இயந்திரம் 1500 சொல்லாக ஊதுகிறது. இன்னோர் இயந்திரம் அதைக் குத்தி மூன்று வரியாக்குகிறது. நடுவில் நமக்கு வேலையே இல்லை. ஆனால் மின்கட்டணம், இணையக் கட்டணம், எரிச்சல் மூன்றும் நம்முடையவை.

எனக்கு இதில் வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். முன்பெல்லாம் கட்டுரை எழுதச் சொல்லிக் காசு தருவார்கள். இப்போது எழுதி முடித்த கட்டுரையை அனுப்பி, "கொஞ்சம் ஹ்யூமன் டச் குடுங்க சார்" என்கிறார்கள். பாதிக் காசு. மனிதனைத் தொட்டுக்கொள்ள ஊறுகாயாக வைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு கட்டுரைக்கு ஆரம்பப் பத்தியை நானே யோசித்து, நானே எழுதிக் கொடுத்தேன். அதைச் சோதிக்க இன்னொரு கருவி வைத்திருக்கிறார்கள். அது மற்றதையெல்லாம் விட்டுவிட்டு என் பத்தியை மட்டும் சிவப்பாக்கி, 'இயந்திரம் எழுதியது' என்றது. வாதாடிப் பார்த்தேன், பயனில்லை. பிறகு யோசித்தால், அந்தக் கருவியைக் குறை சொல்லவும் முடியவில்லை. முன்னுரையில் கற்காலத்திலிருந்து கிளம்பியவர்கள் நாம். நம் பரம்பரை முழுக்க எழுதி வைத்ததைப் படித்துத்தான் அது தேறியிருக்கிறது. அந்த அரைத்த மாவு நாம் அரைத்துக் கொடுத்தது.

ஆனாலும் ஒன்று சொல்வேன். தமிழ்மணம் திரட்டியில் வலைப்பதிவுகள் வரிசை கட்டிய காலத்தில் வந்ததில் பாதி மொக்கைதான். பின்னூட்டத்தில் 'மீ த பர்ஸ்ட்' போடுவதற்கென்றே ஆள் இருந்தார்கள். ஆனால் அந்த மொக்கை ஒவ்வொன்றையும் ஒரு ஆள் உட்கார்ந்து போட்டான். ரசம் வைப்பதை எழுத வந்தவன் மேலதிகாரியைத் திட்டிவிட்டுத்தான் ரசத்துக்கு வருவான். அவனிடம் சண்டை போடலாம். "உங்க ரசம் விளங்கல" என்று எழுதினால் மறுநாள் அதற்கு ஒரு பதில் பதிவே வரும். முழுமையான வழிகாட்டியிடம் யார் போய்ச் சண்டை போடுவது? "உங்கள் கருத்துக்கு நன்றி! இது மிகச் சிறந்த கேள்வி" என்கிறது. கோபப்படக்கூட ஆள் இல்லாத இடத்தில் வாசகனுக்கு என்ன வேலை?

இந்தக் கட்டுரையை அனுப்பிய பிறகு, பத்திரிகையின் இணையப் பக்கத்தைக் கவனிக்கிற தம்பி போன் செய்தார்.

"சார், 'அடிஷனல் ஷீட்'னு யாரு சார் கூகுள்ல தேடுவாங்க? தலைப்புல சாவிச்சொல்லே இல்ல."

"என்ன வைக்கலாம் தம்பி?"

"'ஏஐ கட்டுரைகளிலிருந்து தப்பிக்க 3 எளிய வழிகள்'னு வெச்சுடறேன் சார்."

"அந்த மூணு வழியை நான் இன்னும் சொல்லவே இல்லையே."

"பரவால்ல சார். அவ்வளவு தூரம் யாரும் படிக்க மாட்டாங்க."