பொந்து காத்தல்: ஒரு கிளிச் சாத்திர ஆராய்ச்சி

பாயிரம்

உலகத்திலே ஆராயத்தகாத பொருள் யாதொன்றுமில்லை என்பதும், ஆராயத்தக்க பொருள்களையெல்லாம் முன்னோரே ஆராய்ந்து முடித்துவிட்டனர் என்பதும் ஒருங்கே உண்மையாதலின், பின்வந்தோராகிய எம்மனோர்க்கு எஞ்சிக் கிடப்பன இரண்டே: பெரியோர் கண்ணிற் படாதனவும், கண்ணிற் பட்டும் அவர் நாணத்தால் விட்டொழித்தனவும். இவற்றுள் இரண்டாம் வகையைச் சேர்ந்ததோர் பொருளை, சைவத்தையும் தமிழையும் வளர்த்ததோடு கண்டனப் பிரசுரங்களையும் குறைவின்றி வளர்த்த யாழ்ப்பாணத்து மரபின்வழி நின்று, மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு, உபநயம், நிகமனம் என்னும் ஐந்துறுப்பாலும் நிறுவப் புகுகின்றாம்.

இவ்வாராய்ச்சிக்கு நிமித்தமாயது ஒரு மாலைக் காட்சி. எம்மூர் மைதானத்தின் ஒரு மூலையிலே, போர்க்காலத்து எறிகணையொன்று தலைகொய்து விட்டுப்போன மொட்டைப் பனை ஒன்று நிற்கின்றது. அதன் நுனிக்கு ஒரு பாகம் கீழே ஒரு பொந்து. பொந்தின் வாயிலே ஒரு பச்சைக்கிளி. இரண்டு மைனாக்கள் அதனை வெளியேற்றும் நோக்கத்தோடு மாறிமாறி வந்து கூச்சலிட, கிளியோ தலையை மாத்திரம் நீட்டி, கொத்தவேண்டியபோது கொத்தி, ஏனைய வேளைகளிற் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. அப்பனைக்குச் சற்றே அப்பாலுள்ள கோல்வாசலிலே, எம்மூர்க் கழகத்தார் பதினொருவரும் கூடிநின்று, தம்மினும் இரண்டு தரம் மேலான கழகமொன்றின் படையெடுப்பை அவ்வண்ணமே சகித்துக்கொண்டிருந்தனர். மேலே நோக்கினோம், கீழே நோக்கினோம், சாத்திரம் பிறந்தது.

மேற்கோள்

தாழ்தரக் கழகங்களின் தற்காப்பு உதைபந்தாட்டமும், பிறதேச நகரங்களிலே காட்டுயிராய் வாழும் பச்சைக்கிளியும் ஒரே சாதியைச் சேர்ந்தன. அச்சாதிக்குக் ‘கூண்டுதப்பி’ என்னும் பெயரை இடுகின்றாம். கூண்டுதப்பியாவது, ஒருவருடைய பொழுதுபோக்கின்பொருட்டு வேற்றுத் தேசத்துக்குக் கொண்டுவரப்பட்டு, காவலிலிருந்து வெளியேறி, அத்தேசத்திலே ஒரு பொந்தைப் பற்றிக்கொண்டு, பின்னர் ‘நீ எவ்விடத்தாய்?’ என்று வினவுவாரை வியப்போடு நோக்குவது.

ஏது

கிளியின் சரித்திரத்தை முதற்கண் நோக்குவாம். ஆண்பறவை கழுத்திலே ஆரம் பூண்ட இக்கிளிக்கு 1769ஆம் ஆண்டிலே ஸ்கொப்போலி என்னும் இயற்கைநூலார் இலத்தீனிலே ஒரு பெயர் சூட்டினார். அப்பெயரைக் குறித்து எம்மூர்ப் பனைகளிலுள்ள கிளிகள் இன்றுவரை யாதொரு கருத்தும் வெளியிடவில்லை. யாழ்ப்பாணத்திலே அது மண்ணுக்குரிய பறவை. இங்கிலாந்திலேயோ கூண்டுக்குரிய பறவையாய்ச் சென்றது. 1855ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு நோர்போக் பிரதேசத்தில் அது வெளியிலே காணப்பட்டதாகக் குறிப்புண்டு. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே இலண்டன் மாநகரைச் சூழ அது குடியும் குடித்தனமுமாய் நிலைத்தபோது, அதன் வருகைக்குக் காரணம் கூறப் புகுந்த புராணிகர் பலராயினர். 1951ஆம் ஆண்டின் ‘ஆபிரிக்கன் குயீன்’ திரைப்படத்துக்காகக் கொண்டுவரப்பட்ட கிளிகள் தப்பின என்பர் சிலர். கித்தார் வாத்திய வித்துவான் ஜிமி ஹென்றிக்ஸ் கார்னபி வீதியிலே ஒரு சோடியைப் பறக்கவிட்டார் என்பர் வேறு சிலர். இவ்விரு புராணங்களையும் இலண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர், குற்றவாளியின் இருப்பிடத்தைத் தேடும் கணித முறையொன்றினாலே சோதித்து, ஆதாரமில்லை என்று 2019ஆம் ஆண்டிலே தள்ளிவிட்டனர். 1929, 1930ஆம் ஆண்டுகளிலும் 1952ஆம் ஆண்டிலும் கிளிக்காய்ச்சலைப்பற்றிப் பத்திரிகைகள் அலறியபோது, அஞ்சிய வீட்டுக்காரர் கூண்டைத் திறந்துவிட்டிருக்கலாம் என்பது அவர்தம் ஊகம். சினிமாவும் சங்கீதமும் செய்யாத காரியத்தைக் கிளிக்காய்ச்சலைப் பற்றிய பயம் செய்தது என்றவாறு.

இவ்விடத்திலே வாசகர் ஓர் அரிய சம்பவத்தைக் கவனித்தல் வேண்டும். இலண்டனுக்குத் தென்மேற்கே, இக்கிளிகள் ஏறத்தாழ ஏழாயிரம் வரை கூடி இராத்தங்கிய பெருந்தலம் யாதெனில், ஈஷர் றக்பிக் கழகத்தின் மைதானமாம். கிளிக்கும் பந்துக்கும் உள்ள சம்பந்தம் எம்முடைய கற்பனையன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. மரபணுவை ஆராய்ந்தோர், அக்கிளிகளின் பூர்வீகம் பெரும்பாலும் பாக்கிஸ்தானும் வட இந்தியாவுமே என்கின்றனர். ஆயினும், ரூற்றிங்கிலும் கிங்ஸ்ரனிலும் வாழும் யாழ்ப்பாணத்தார், இலையுதிர்ந்த மரமொன்றிலே அதனைக் கண்டவுடன், மரபணுவை விசாரியாது, ‘எங்கட கிளி!’ என்றே கூவுவர். தம்மைப்போலவே குளிரையும் சகித்து வாடகையையும் சமாளிக்கும் ஒரு பிராணியை உறவென்று கொள்ளுதல் குற்றமாகாது.

உதைபந்தாட்டத்தின் சரித்திரம் இதற்கு நேர்மறுதலை. 1863ஆம் ஆண்டிலே இலண்டனிலே விதி எழுதப்பெற்ற அவ்வாட்டம், ஆங்கிலேயருடைய பெட்டிபடுக்கைகளோடும் மிஷன் பாடசாலைகளோடும் இக்குடாநாட்டை அடைந்தது. பாடசாலை வளவே அதற்குக் கூண்டு. அக்கூண்டிலே கூடவிருந்த மற்றொரு பறவை கிரிக்கெற். அது நன்றாகப் பேசப் பழகிய கிளி. 1904ஆம் ஆண்டு தொடக்கம் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் நடுவே ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்று கொண்டாடப்பெற்று, வெள்ளையுடை உடுத்து, தேநீர் வேளை தவறாது, பெரும்பாலும் கூண்டிலேயே தங்கிவிட்டது. உதைபந்தோ மதில் தாண்டியது. கரையோரக் கோயில் முற்றத்திலும், வலிகாமத்துச் செம்மண்ணிலும், வடமராட்சி மணலிலும் போய் விழுந்து, மீட்பாரின்றி அங்கேயே பெருகியது. இன்று யாழ்ப்பாணத்துக்கு ஒரு லீக், வலிகாமத்துக்கு ஒரு லீக், பருத்தித்துறைக்கு ஒரு லீக் என்று, ஒரு குடாநாட்டுக்குள்ளே பல லீக்குகள் வேண்டிய அளவுக்கு அதன் சந்ததி விருத்தியாயிருக்கின்றது.

தப்பிய கிளி எசமானனுடைய வீட்டிலே கற்ற சொல் ஒன்றிரண்டை வனத்திலும் சொல்லித் திரியுமன்றோ? எம் கழகங்களின் பெயர்களிலும் அவ்வடையாளம் காணப்படும். குருநகரிலே பாடும்மீன் தமிழிலே பாட, நாவாந்துறையிலே சென். மேரிஸும், இளவாலையிலே யங் ஹென்றீசியன்ஸும், ஊரெழுவிலே றோயலும் விளங்குகின்றன. ஊரெழுவிலே முடிசூடிய இராசவமிசம் யாது என்று அறிய விரும்புவோர், துரையப்பா விளையாட்டரங்கிலே அக்கழகத்தின் ஆதரவாளர் நடுவே அமர்ந்து கேட்கக் கடவர். யாம் கேட்கத் துணியோம்.

இரண்டாவது ஏது, இரண்டும் தாம் செய்யாத பொந்தைக் காப்பன என்பது. பனையிலே பொந்து குடையும் பிரயாசை பெரும்பாலும் மரங்கொத்தியினுடையது. வட இலங்கையின் பொன்முதுகு மரங்கொத்தியோ தன் இலத்தீன் பெயரிலே யாழ்ப்பாணத்தின் பெயரையே தாங்கி நிற்பது. இவ்வளவு உழைத்தும், ஊரின் பெயரைச் சுமந்தும், அது பெற்ற பயன், கிளி வந்து குடியேறியது. தற்காப்புக் கழகமும் ஆட்டத்தை உருவாக்குவதில்லை. ஆட்டத்தை எதிரணி உருவாக்கும். தற்காப்புக் கழகமோ இருபத்துநான்கு அடி அகலமும் எட்டடி உயரமுமான ஒரு பொந்தின் வாயிலிலே நின்று, ஆட்டம் உள்ளே நுழையாமற் பார்த்துக்கொள்ளும்.

எடுத்துக்காட்டு

தற்காப்புச் சாத்திரத்துக்கு இத்தாலியர் ‘கத்தெனாச்சோ’ என்று பெயரிட்டனர். தாழ்ப்பாள் என்பது அதன் பொருள். 1960களிலே மிலான் நகரத்து இன்ரர் கழகம் அத்தாழ்ப்பாளைக்கொண்டு 1964, 1965ஆம் ஆண்டுகளில் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றதனால், அது செல்வந்தர் வீட்டுத் தாழ்ப்பாள் என்று பலர் மயங்குவர். அது பிறந்ததோ ஏழைகளின் குடிலில். இத்தாலியின் இரண்டாந்தரப் பிரிவிலே ஆடிய சலெர்னித்தானாக் கழகத்தின் பயிற்றுநர் ஜிப்போ வியானி, ஒருநாள் விடியற்காலையிலே கடற்கரையில் உலாவியபோது, முன்வலையிலே தப்பிய மீனைப் பிடிக்கப் பின்னால் மற்றொரு வலை இருத்தலைக் கண்டு, பின்களத்தாருக்கும் பின்னே ஒருவனை நிறுத்தும் உபாயத்தைத் தெளிந்தார் என்று ஒரு கதை வழங்குகின்றது. அக்கழகம் 1947ஆம் ஆண்டிலே முதற்பிரிவுக்கு ஏறியது. அடுத்த பருவத்திலேயே, சிறுகழகமாகிய திரியெஸ்தீனா, நெரேயோ றொக்கோ என்பாரின் தற்காப்பு முறையால், பெருங்கழகங்களோடு சமமாய் இரண்டாமிடம் பெற்றது. முன்வலை, பின்வலை என்பவற்றை அறியக் குருநகரார் இத்தாலிக்குச் செல்லவேண்டியதில்லை. ஆயினும் கண்டுபிடிப்பின் புகழ் எப்பொழுதும் மீன் பிடிப்பவனுக்கன்றி, பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கே சேரும் என்பது உலகநியாயம்.

எம்மவர்க்குத் தாழ்ப்பாளும் மிகை, வேலியே போதும். கிடுகாலும் பனையோலையாலும் கதியாலாலும் தன் வளவைச் சூழ அடைத்து, அவ்வேலி ஆண்டுக்கொருமுறை ஒரு சாண் நகர்ந்ததா என்று நோக்குதலை ஒரு தவமாகவே செய்துவந்த சமுதாயம் இது. ஒல்லாந்தர் காலத்திலே, 1707ஆம் ஆண்டில், எழுத்துருவிலே அமைந்த தேசவழமையும், காணி விற்போன் அதனை அந்நியனுக்கு விற்குமுன் இனத்தார்க்கும் பங்காளருக்கும் உரிய அயலார்க்கும் அறிவித்தல் வேண்டும் என்று விதித்தது. இத்தகைய மரபிலே வந்தவனைப் பின்களத்திலே நிறுத்தி, ‘இக்கோட்டைத் தாண்டி ஒருவனும் வரலாகாது’ என்று சொன்னால், அவனுக்குப் பயிற்சி எதற்கு? ஞாபகமூட்டினாற் போதும்.

பூர்வபட்ச மறுப்பு

‘தொண்ணூறு நிமிடம் வாயிலிலே நின்று, ஒரு தடவை பந்து கிடைக்கும் என்று பார்த்திருப்பது, இலவு காத்த கிளியின் கதையே’ என்பர் பூர்வபட்சிகள். இது பழமொழியை நம்பிப் பறவையை நோக்காதார் கூற்று. இலவு காத்த கிளி ஏமாந்தது, காத்தமையாலன்று. பஞ்சைக் கனியென்று கருதினமையால். தற்காப்புக் கழகத்துக்கோ காய் எது என்பதில் மயக்கமில்லை. அது எதிர்பார்த்து நிற்பது ‘சமநிலை தவிர்ப்பு உதை’. ஒருநாளிலே வென்றார் தோற்றார் தீர்க்கவேண்டிய சுற்றுப்போட்டியிலே, முழுநேரமும் ஓடித் திறமை காட்டினால் வலியோனே வெல்வான். பன்னிரண்டு யார் தூரத்திலிருந்து ஆளுக்கொரு உதை என்ற நிலைக்கு இறக்கிவிட்டாலோ, வலியோனும் மெலியோனும் ஏறத்தாழச் சமமாவர். 1968ஆம் ஆண்டு ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான சுற்றுப்போட்டியின் அரையிறுதியிலே இத்தாலியும் சோவியத்தும் நாணயஞ் சுண்டி முடிவு கண்டன. 1970ஆம் ஆண்டிலே சர்வதேச விதியாளர் அந்நாணயத்துக்குப் பதிலாக இவ்வுதைகளை அங்கீகரித்தனர். ஆகவே இவ்விதியை ஏழைக் கழகங்களின் தருமசாசனம் என்று கொள்ளல் தகும்.

‘கிளி அவ்வளவு சாதுவோ?’ என்பது இரண்டாம் ஆட்சேபம். அன்று. ஸ்பானிய நாட்டுச் செவில் நகரத்துப் பூங்காவிலே இக்கிளிகள் பொந்துக்காகப் பெருவௌவால்களைக் கொத்திக் கொன்று துரத்தியதை 2018ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளியிட்டனர். எம் பின்களத்தாருள்ளும் எதிரியின் கணுக்காலைப் பந்தென்று மயங்குவார் சிலர் உளர். சுபாவம் ஒன்றே என்னும் எம் மேற்கோளுக்கு இவ்வாட்சேபம் துணையாகின்றது.

‘சிருஷ்டித்து ஆடுவோனே சிறந்தவன்’ என்பது மூன்றாவது. கிளி வமிசத்திலே, பொந்தை நாடாது குச்சிகளால் தானே பெருங்கூடு சமைக்கும் ஓர் இனம் உண்டு. அது தென்னமெரிக்கத் துறவிக்கிளி. இதுவும் இங்கிலாந்திலே கூண்டு தப்பியது. மின்கம்பங்களிலும் கூடு சமைத்து ஆபத்து விளைக்கும் என்றஞ்சி, அந்நாட்டு அரசாங்கம் 2011ஆம் ஆண்டிலே அதனை அகற்றத் தொடங்கியது. ஆயிரக்கணக்காய்ப் பெருகிய எம் பச்சைக்கிளிக்கு அவ்வாறான உத்தரவு பிறக்கவில்லை. கூடு கட்டியவன் அகற்றப்பட்டான். பொந்து பற்றியவன் நிலைத்தான். இதன்மேலும் வாதிப்பாருளரேல், அவர் முன்கள வீரராயிருத்தல் வேண்டும்.

உபநயமும் நிகமனமும்

கூண்டு தப்பிப் பொந்து பற்றிய கிளி எவ்வாறோ, அவ்வாறே எம்மூர்க் கழகமும்; ஆகலின் இரண்டும் ஒரு சாதி; ஆகலின் நிலைத்திருத்தலே அவற்றின் வெற்றி. மேற்கூறிய மாலை ஆட்டம் கோலின்றிச் சமநிலையிலே முடிந்தது. சமநிலை தவிர்ப்பு உதையிலே எம்மவர் தோற்றனர் என்பதனை உண்மையின்பொருட்டு ஒப்புக்கொள்ளுகின்றாம். ஆயினும், மறு ஆண்டும் அதே பதினொருவர் பிரவேசப் பணங் கட்டி அதே வாயிலிலே வந்து நின்றனர், மைனாக்களையோ காணவில்லை.

அச்சுக்கு அனுப்புமுன், பதினேழு ஆண்டாய் அக்கழகத்துக் கோல் காப்பவரும், பகலிலே மேசன் வேலை செய்பவருமாகிய ஒருவருக்கு இவ்வாராய்ச்சியை வாசித்துக் காட்டினாம். கையிலிருந்த சாந்தைத் தட்டிக்கொண்டு, முடிவுமட்டும் பொறுமையாய்க் கேட்டார்.

“எல்லாம் சரி, மாஸ்ரர். ஆனா கிளிக்குப் பொந்துக்கை குஞ்சு கிடக்குது, அதுதான் காக்குது. எங்கட வலைக்கை என்ன கிடக்குது? ஒண்டுமில்லை. ஒண்டும் வந்திடக் கூடாது எண்டுதானே நாங்கள் நிக்கிறம்.”

மாஸ்ரர் என்று விளிக்கப்பட்டவர் உடனே விடை கூறியாதல் வேண்டும் என்பது எந்தச் சாத்திரத்திலும் விதிக்கப்படாமையின், கையெழுத்துப் படியை மடித்து எடுத்துக்கொண்டு வீடு திரும்பினாம்.