ஒரு ஏக்கர் விலைக்கு ஒரு நாள் டிக்கெட்

மாப்ளே, டிஸ்னிக்குப் போற செலவைக் கூட்டி நீ வாட்ஸப்ல அனுப்பின எக்செல் ஷீட்டு வந்து சேந்துச்சு. பேரன் போனைப் பெருசு பண்ணிப் பண்ணிக் காட்டினான், நான் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பாத்தேன். "எலிக்காது தொப்பி - 4"ன்னு ஒரு வரி. அதுக்குக் கீழ தண்ணி பாட்டிலுக்குத் தனியா ஒரு வரி. கடைசில கூட்டுத்தொகைக்கு மஞ்சக் கலர் அடிச்சு, "ஒர்த்தா மாமா?"ன்னு ஒரு கேள்வி. கூட்டி முடிச்சப்புறம் கேக்கிற கேள்வியாப்பா இது? கூட்டறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா ஒரு வார்த்தைல முடிச்சிருப்பேன். இப்போ நீட்டித்தான் சொல்லணும்.

கிழவனுக்கு என்ன தெரியும்னு நினைச்சுக்காதே. டாம்பாவுல மக வீட்டுல, விசா குடுத்த காலம் பூரா இருந்தவன் நான். அங்கயிருந்து ஆர்லாண்டோ கூப்பிடு தூரம். நானும் தலையில காதை மாட்டிக்கிட்டு டிஸ்னியோட அந்தக் கோட்டை முன்னாடி நின்னவன்தான். போட்டோ உங்க அத்தைகிட்ட இருக்கு. ஏதாவது சண்டை வந்தா எடுத்துக் காட்டுறதுக்குன்னே வச்சிருக்கா.

மொதல்ல நிலக் கணக்கைச் சொல்றேன், எனக்கு அதுதான் நல்லாப் புரியும். 1964, 65ல வால்ட் டிஸ்னி ஆளுங்க அந்தப் புளோரிடா சதுப்புக் காட்டை வளைச்சாங்க. தன் பேர்ல கேட்டா விலையை ஏத்திருவானுங்கன்னு, ஊர் பேர் தெரியாத கம்பெனிகளை உண்டாக்கி, ஒவ்வொண்ணு பேர்லயும் கொஞ்சங் கொஞ்சமா எழுதி வாங்கினாங்க. மொத்தம் 27,000 ஏக்கருக்கு மேல. சராசரியாப் பாத்தா ஏக்கர் 200 டாலருக்கும் உள்ள. பினாமிங்கிறது நம்மூர்ச் சரக்குன்னு நினைச்சிட்டிருந்தேன், அங்கயும் நல்லாத்தான் விளைஞ்சிருக்கு. 1965 அக்டோபர்ல ஆர்லாண்டோ பத்திரிகைக்காரன் விசயத்தை வெளிய விட்டான், சுத்துவட்டார நிலமெல்லாம் எகிறிப்போச்சு. அதுக்குள்ள இவங்க வேலை முடிஞ்சுது. பாவம், வால்ட் டிஸ்னி 1966 டிசம்பர்ல போய்ச் சேந்துட்டாரு. 1971 அக்டோபர் 1ந் தேதி வாசல் திறந்ததைப் பாக்கக் குடுத்து வைக்கலை.

இப்போ உன் ஷீட்டுக்கு வருவோம். 2025 கிறிஸ்துமஸ் வாரத்துல அந்தக் கோட்டை இருக்கிற மேஜிக் கிங்டம் பார்க்குக்கு ஒரு நாள் டிக்கெட் 199 டாலர். அன்னைக்கு ஒரு ஏக்கரைப் பத்திரம் போட்டு வாங்கின காசு, இன்னைக்கு ஒரு ஆளு ஒரு நாள் உள்ள போய் நிக்கிறதுக்கு. ராத்திரி வெளிய வரும்போது ஒரு சென்ட் நிலம்கூட உன் பேர்ல இருக்காது.

அந்தக் கோட்டை உயரம் 189 அடி. இருநூறு அடியைத் தாண்டினா விமானத்துக்குத் தெரியற மாதிரி உச்சியில செவப்பு விளக்கு மாட்டணுமாம். ராசகுமாரி வீட்டு மேல விளக்கு மினுக்குனா நல்லாருக்காதுன்னு அதுக்குக் கீழயே நிறுத்திட்டாங்க. கூட்டமான நாள் டிக்கெட்டும் கொஞ்ச வருசம் அதே 189 டாலர்ல நின்னுச்சு. எனக்கு ஒரே ஆச்சரியம், சாஸ்திரம் பாத்துக் கட்டிருக்கான்னு. அப்புறம்தான் தெரிஞ்சுது, உயரத்துக்குத்தான் சட்டம், விலைக்கு எவனும் விளக்கு மாட்டச் சொல்லலை.

நியாயத்தையும் சொல்லிரணும். 1971ல உள்ள போக 3.50 டாலர்தான்னு உன் சேக்காளி சொன்னான்னு எழுதிருக்க. வாஸ்தவம். விலைவாசி ஏறின கணக்கைப் போட்டாலும் அது இன்னைக்கு முப்பது டாலருக்குள்ளதான் வரும். ஆனா அந்த மூணரை டாலர் வாசலைத் தாண்ட மட்டும். உள்ள ஏறுறதுக்கு, இறங்குறதுக்கு 'ஏ'ல இருந்து 'ஈ' வரைக்கும் தனித்தனிச் சீட்டு கிழிக்கணும். நல்ல ரைடெல்லாம் 'ஈ' சீட்டுலதான் இருக்கும். 1982ல அந்தச் சீட்டுப் புத்தகத்தை ஒழிச்சு, ஒரே காசு, எல்லாத்துலயும் ஏறிக்கன்னாங்க. 1971ல ஒரு பார்க், இப்போ நாலு. அதனால பழைய விலையைச் சொல்லிப் பெருமூச்சு விடுறவன் பேச்சைப் பாதிதான் நம்பணும்.

எனக்குக் கண்ணை உறுத்துறது டிக்கெட் இல்ல மாப்ளே. முன்னாடி சும்மா கிடைச்சதுக்கு இப்போ ரசீது போடுறானே, அது. விமான நிலையத்துலருந்து அவங்க ஓட்டல்ல தங்குறவங்களுக்கு இலவச பஸ் ஓடிச்சு, 2022 பொறந்ததும் நிறுத்தியாச்சு. வரிசையில நிக்காம நேரம் குறிச்சுக்கிட்டுப் போறதுக்கு 1999லருந்து ஃபாஸ்ட்பாஸ்னு ஒண்ணு, அதுவும் சும்மாதான். கொரோனாவுல பூட்டித் திறந்தப்போ அது காணாமப் போச்சு. 2021ல காசுக்கு வந்துச்சு. இப்போ அதுக்குப் பேரு லைட்னிங் லேன், மின்னல் பாதை. நாளுக்கொரு விலை, பார்க்குக்கொரு விலை. நல்ல ரைடு ஒண்ணு ரெண்டுக்கு அதுக்கும் மேல தனிக் காசு. இதெல்லாம் எனக்குக் கட்டாது, நான் ராசா வீட்டுப் புள்ளைன்னு சொல்றவனுக்குப் பெரிய பாஸ் ஒண்ணு 2024 கடைசில விட்டாங்க. கூட்டமான நாள்ல ஆளுக்கு 449 டாலர் வரைக்கும் போச்சு. டிக்கெட் அதுல சேத்தி இல்ல.

திருப்பதியில 300 ரூபாய்க்குச் சிறப்பு தரிசனம் போகலியான்னு நீ கேப்ப. போயிருக்கேன். ஆனா அங்க இலவச வரிசையில உக்காந்திருக்கிறவனுக்குச் சோறும் பாலும் தேடி வரும். கடைசில பெருமாளும் இருக்காரு. இங்க மின்னல் பாதையில ஒருத்தன் முந்தறப்போ உன் வரிசை அந்த அளவுக்கு நிக்குது. நிக்க நிக்க உனக்கும் அந்தப் பாதையில போகணும்னு கை அரிக்கும். வரிசையை நீளமாக்கறதும் அவன்தான், வரிசையிலருந்து தப்பிக்க வழி விக்கிறதும் அவன்தான். இந்த யாவாரத்தைக் கண்டுபிடிச்சவன் கால்ல விழலாம்ப்பா, கிண்டலுக்குச் சொல்லலை.

அதனால என் கணக்கு இதுதான். பொறுமை கையிருப்பு உள்ளவனுக்கு அந்த டிக்கெட் இன்னமும் கட்டும். காலைல ஒம்பது மணிக்கு உள்ள போனா ராத்திரி வாணவேடிக்கை வரைக்கும் இருக்கலாம். நியூயார்க்குல பிராட்வே நாடகத்துக்கு ரெண்டரை மணி நேரத்துக்கு நூத்தம்பது டாலர் குடுத்துட்டு, நல்லாருந்துச்சுன்னு எனக்கே போன்ல சொன்னவன்தானே நீ? அந்தச் சுத்தம், அந்த ஒழுங்கு, எங்க பாத்தாலும் சிரிச்ச மொகம், காசு குடுக்கலாம். பொறுமையையும் சேத்து அங்கயே வாங்கிக்கலாம்னு போறவனுக்குத்தான் எவ்வளவு கொட்டினாலும் பத்தாது. உன் ஷீட்டுல பாதி வரி அந்த ரகம்.

அப்புறம் தேதி. நவம்பர் மொத வாரம்னு போட்டிருக்கியே, உனக்கு யாரு இந்த யோசனை சொன்னது? நியூஜெர்சி வாத்தியாருங்க மாநாடுன்னு பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுறாங்க, அதானே? உனக்கு மட்டுமா லீவு விட்டாங்க? அந்த வாரத்துக்கு அங்க 'ஜெர்சி வீக்'னே பேரு வச்சிருக்காங்க. உங்க ஊர் எடிசன்ல பக்கத்துக் கதவுல இருந்துக்கிட்டு ஒரு வருசமா மொகம் பாக்காதவனை, குள்ளர்கள் சுரங்க ரயில் வரிசையில பாத்து நலம் விசாரிக்கப் போற. மூணு நிமிசம் ஓடுற ரயிலுக்கு ஒரு மணி நேரம் நின்னா ஊர்க்கதை பூரா பேசிரலாம், அது ஒரு லாபம்தான். நான் சொன்னா கேப்பியா? பொங்கல் முடிஞ்சு ஜனவரி கடைசி, இல்லேன்னா செப்டம்பர். செப்டம்பர்ல புழுக்கம், புயல் பயம் எல்லாம் உண்டு, ஆனா விலையும் கூட்டமும் எறங்கியிருக்கும். புள்ளைக்கு நாலு நாள் பள்ளிக்கூடம் விட்டுப்போனா என்ன? நீ போகாத நாளைக் கணக்குப் போட்டா உங்க அம்மா இன்னமும் அழுவா.

சின்னவளுக்கு எப்போ மூணு முடியுது? மூணுக்குக் கீழ டிக்கெட்டே கிடையாது. அதுக்கு மொத நாள் வரைக்கும் அவ விருந்தாளி, மறுநாள் வாடிக்கையாளர். பெரியவனுக்குப் பத்து ஆச்சுன்னா அவன் அங்க முழு ஆளு. ஒம்பதா இருந்தாலும் குதிக்காதே, குறைக்கிறது சில டாலர்தான். பஸ்ல அரை டிக்கெட்டுக்காக உன்னை முட்டி மடக்கி நிக்க வச்ச உங்க அப்பன் வித்தை அங்க பலிக்காது.

தண்ணி பாட்டில் வரியை மொதல்ல அழி. சாப்பாட்டுக் கடையில கேட்டா கப்புல ஐஸ் தண்ணி சும்மாத் தருவான். சோத்தையும் கையோட கொண்டு போகலாம், தடை இல்ல. கண்ணாடிப் பாத்திரம் கூடாது, சூடு பண்ணித் தரமாட்டான், அவ்வளவுதான். புளியோதரைக்கு எதுக்குய்யா சூடு? உங்க அத்தை கிண்டிக் குடுத்ததை அந்தக் கோட்டைக்கு எதிர்த்தாப்புல உக்காந்து பிரிச்சோம். பக்கத்துல வான்கோழித் தொடையைக் கடிச்சுக்கிட்டிருந்த வெள்ளைக்காரர் அதை வச்சுட்டு எங்க டப்பாவையே பாத்தாரு. நானும் கேப்பாருன்னு பாத்தேன், கேக்கலை. கேட்டிருந்தா ஒரு விலை சொல்லிருப்பேன்.

கடன் அட்டையில தேச்சுக்கலாம்னு ஓரமா ஒரு குறிப்பு வச்சிருக்கியே, அதைப் படிச்சப்போதான் சிரிப்பு நின்னுச்சு. லெண்டிங்ட்ரீன்னு ஒரு கம்பெனி 2024ல விசாரிச்சிருக்கு. டிஸ்னிக்குப் போனவங்கள்ல நாலுல ஒருத்தர் கடன் வாங்கிப் போயிருக்காங்க. பதினெட்டு வயசுக்குக் கீழ புள்ளை வச்சிருக்கிற அப்பன் ஆத்தாள்ல கிட்டத்தட்ட பாதி. வேடிக்கை என்னன்னா, கடன்பட்டவங்கள்ல பாதிக்கு மேல, பட்டதுக்கு வருத்தமில்லன்னு சொல்லிருக்காங்க. நம்ம ஊர்ல காதுகுத்துக்குக் கடன் வாங்கினவன்கிட்ட கேட்டாலும் அதைத்தான் சொல்லுவான். வட்டி கட்டறவன்கிட்ட கேக்கணும், விருந்து தின்னவன்கிட்ட கேட்டா?

இன்னொண்ணு, கோச்சுக்காதே. வாணவேடிக்கை ஆரம்பிச்சப்போ நான் வானத்தைப் பாக்கலை, மனுசங்களைப் பாத்தேன். தள்ளுவண்டியில இருந்த புள்ளைங்கள்ல பாதி நல்லாத் தூங்குதுங்க. ஒண்ணு வாயில மிட்டாய் ஒட்டின மேனிக்குக் குறட்டை. அப்பன்காரன் போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு கண் கலங்கி நிக்கிறான். யாருக்கு எடுத்த டிக்கெட்டு அது? மறுநாள் ஓட்டல் நீச்சல் குளத்துல அதே புள்ளை வெளிய வரமாட்டேன்னு அழுது புரண்டுச்சு. அந்தக் குளத்துக்குத் தனி டிக்கெட் கிடையாது. உனக்கு ஆசையா இருந்தா ஆசைன்னு சொல்லிட்டுப் போடா, புள்ளைங்களுக்காகன்னு ஷீட்டு மேல தலைப்பு போடாதே. ஏழு வயசு, எட்டு வயசு ஆகட்டும், சின்னவளுக்கும் ஞாபகம் நிக்கும். ஆனா அப்போ அவளுக்கும் டிக்கெட்டு. ரெண்டு பக்கமும் இடிக்குதுல்ல? அதைத்தான் நான் மொதல்லயே கேளுன்னேன்.

பக்கத்துலயே யுனிவர்சல்காரன் 2025 மே மாசம் எபிக் யுனிவர்ஸ்னு புதுசா ஒண்ணு திறந்திருக்கான், அதையும் ஒரு நாள் சேத்திருக்க. அந்த வரியையும் அழி. கால் ரெண்டுதான் இருக்கு.

சரி, போறதுன்னு முடிவு பண்ணிட்டேன்னா சொல்லு. நீயும் உன் வீட்டுக்காரியும் பெரியவனும் பார்க்குக்குப் போங்க. சின்னவளைக் குளத்துல நான் பாத்துக்கிறேன், உங்க அத்தை புளியோதரை கிண்டித் தருவா. எங்களுக்குப் பார்க் டிக்கெட் போடாதே, அங்க வயசானவனுக்குத் தள்ளுபடியே கிடையாது, வீண் செலவு. மதுரையிலருந்து ரெண்டு விமான டிக்கெட் மட்டும் போட்டாப் போதும். உங்க அத்தைக்கு ஜன்னல் சீட்டு.